பேருந்தில் வாந்தி வருமா என்று மருத்துவர் கேட்டால்

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நம் வீட்டுப் பெண்களில் சிலர் எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பேருந்தில் ஏறுவர். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் அறிய வேண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அவர் வினவும்போது, "அதெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர்" என்று கணவரோ மகனோ முந்திக்கொண்டு பதிலளித்துவிடுகின்றனர். இது திருத்தப்பட வேண்டிய பழக்கம்.

முழு மயக்கத்திற்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்பதைக் கணிக்க, 1999-இல் ஆப்ஃபெல் என்ற மருத்துவரின் குழு எளிய கணக்கொன்றை வெளியிட்டது. பெண்ணாக இருத்தல், புகைப்பழக்கம் இல்லாமை, பயணத்திலோ முந்தைய அறுவையிலோ வாந்தி எடுத்திருத்தல், சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து பெறுதல் ஆகிய நான்கே அதன் அளவுகோல்கள். நான்கும் இல்லாதவருக்கு வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு. மூன்று இருந்தால் 60. நான்கும் இருந்தால் 80. நம் பெண்களுக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. மூன்றாவதைச் சொல்ல வேண்டியவர் அவரே. புகைக்காதவருக்கு வாந்தி அதிகம் என்பது விந்தைதான். அதற்காக யாரும் பீடியைத் தேட வேண்டாம்!

தடுப்பு மருந்து அரியதோ விலையுயர்ந்ததோ அன்று. கொரோனா காலத்தில் நாம் பெயரறிந்த டெக்ஸாமெதாசோன், 1950களின் இறுதியில் உருவான பழைய ஸ்டீராய்டு. ஊசியின் விலை சில ரூபாய்தான். மயக்கம் தொடங்கும்போதே அதைச் செலுத்துவர். அதன் பயன் மெல்லத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும். 2004-இல் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் இதுவும் புதிய ஒண்டன்செட்ரானும் தனித்தனியே வாந்தி அபாயத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைத்தன. இரண்டும் சேர்ந்தபோது பயன் கூடியது. புதியது, விலை கூடியது என்பதனாலேயே ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது.

ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவோர் உண்டு. மாதக்கணக்கில் உண்பதற்கும் ஒருமுறை செலுத்துவதற்கும் வேறுபாடு பெரிது. 2021-இல் 8,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், ஒற்றை ஊசியால் அறுவைக் காயத்தில் தொற்று கூடவில்லை. சர்க்கரை அளவு சிறிது காலம் உயரக்கூடும். ஆகவே நீரிழிவை மறைக்கலாகாது. மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவர். உண்மையை உரைப்பது நம் கடமை.

"வாந்திதானே, ஸப்ரு செய்" என்று நோயாளியை அடக்குவதும் முறையன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கின்றார்கள். தடுக்கக்கூடிய வேதனையைச் சுமப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. தையலிட்ட வயிற்றோடு குமட்டுவது எத்தகைய வலி என்பதை அனுபவித்த பெண்களிடம் கேளுங்கள். வாய் நிறைய வாந்தி எடுத்தால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறியும், ஷாஃபியில் முறியாது. எவ்வாறாயினும், குமட்டலின்றித் தொழுவது அவருக்கு எத்துணை ஆறுதல்!

நீலகிரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுள்ளது. அங்கே சிகிச்சை பெற்றுக் கூடலூருக்கோ பந்தலூருக்கோ திரும்பும் தோட்டத் தொழிலாளிப் பெண், நடுவட்டம் வழியாக மலைப்பாதை வளைவுகளில்தான் இறங்கியாக வேண்டும். வீடு எவ்வளவு தொலைவில் உள்ளது, எந்தப் பாதையில் செல்வார் என்பதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்போது, ஆண்கள் சற்று விலகி நின்று அந்தப் பெண்ணையே பேச விடுங்கள்.