புதிய மடிக்கணினி கேட்பதற்கு முன்

பள்ளித் தவணை முடியும் நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: “அப்பா, லேப்டாப்ல இடமே இல்ல. ரொம்ப ஸ்லோவா இருக்கு. புதுசு வாங்கித் தாங்க.” திரையைப் பார்த்தால் சி டிரைவின் பட்டை சிவப்பாக நிற்கும். அப்பாவும் அம்மாவும் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். ஓரளவு நல்ல மடிக்கணினி என்றால் இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் அது சிறிய தொகை அல்ல.

என் கருத்து இதுதான். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன், கையில் இருக்கும் மடிக்கணினியின் அடிமூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லிருப்புக் கற்றல் காலத்தில் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டாவது சேமிப்பகம் ஒன்றைப் பொருத்துவதற்கான இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. வாங்கியவருக்கு அது தெரியாது. விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில், நிரம்பிய கணினி ஏன் மெதுவாகிறது? இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எஸ்.டி. அதற்குள் சுழலும் தட்டு கிடையாது. ஃபிளாஷ் நினைவகச் சில்லுகள் மட்டுமே. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. இப்போது எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் ‘நாண்ட்’ வகை 1987இல் அறிமுகமானது. மின்சாரம் கசியாதபடி காப்பிடப்பட்ட மிக நுண்ணிய சிற்றறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். எவ்வளவு மின்னூட்டம் அடைபட்டிருக்கிறது என்பதை அளந்தால், அங்கு எழுதியிருப்பது என்ன என்று தெரிந்துவிடும். ஒரு சிற்றறையில் மூன்று பிட் வைக்க வேண்டுமானால் எட்டு வெவ்வேறு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் பக்கம் பக்கமாக அழிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதற்கு முன் அந்தத் தொகுதியில் உள்ள தேவையான பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். காலி இடம் நிறைய இருந்தால், நீங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்து எஸ்.எஸ்.டி. இந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளும். ஏறக்குறைய நிரம்பிவிட்டால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இந்த இடமாற்றம் நடக்கும். தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது சோபாவை நகர்த்தி வைக்க வாசலில்கூட இடமில்லாத நிலைதான் அது. போதாததற்கு, முதன்மை நினைவகம் போதாமல் போகும்போது விண்டோஸும் சி டிரைவிலிருந்தே கொஞ்சம் இடத்தைக் கடன் வாங்கும்.

ஆகவே கோப்புகளைக் குடியேற்ற இன்னோர் இடம் கிடைத்தால் பழைய இயந்திரமே மூச்சு விடும். ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தும் கணினி மெதுவாக இருக்கிறதென்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நான்கு கிகாபைட் ரேம் மட்டும் வைத்துக்கொண்டு இருபது உலாவிப் பக்கங்களைத் திறந்தால், எத்தனை சேமிப்பகம் சேர்த்தாலும் பயன் இல்லை.

இனி, இடம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? திருப்புளியை எடுக்க அவசரம் வேண்டாம். மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் முழுமையாக இருக்கும். அந்த எண்ணையும் ‘சர்வீஸ் மேனுவல்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால், பல தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்போருக்காக எழுதிய கையேடு படங்களுடன் கிடைக்கும். வழக்கமாக நான்கில் ஒரு நிலைமையைக் காண்பீர்கள். சூயிங்கம் பட்டை அளவுள்ள எஸ்.எஸ்.டி.யைச் செருகும் ‘எம்.2’ ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கலாம். இரண்டரை அங்குல வன்தட்டுக்கான குழி இருக்கலாம். டிவிடி இயக்கி உள்ள பழைய மடிக்கணினி என்றால், அந்த இயக்கியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு சட்டத்தை வைத்து வன்தட்டைப் பொருத்தலாம். அந்தச் சட்டம் 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் வருகிறது. அளந்து பார்த்து வாங்க வேண்டும். நான்காவது நிலைமை, ஒன்றுமே இல்லாதது.

எம்.2 என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். 2242 என்றால் நீளம் 42 மட்டுமே. நீளம் தவறினால் ஸ்க்ரூ போடும் துளையோடு பொருந்தாது. அடுத்தது, அந்த ஸ்லாட் எந்த மொழி பேசுகிறது என்பது. ‘சாட்டா’ வகை எஸ்.எஸ்.டி. வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை தரும். ‘என்விஎம்இ’ வகை 3,500, அதன் புதிய தலைமுறை 7,000 மெகாபைட் என்றெல்லாம் போகும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டுமே ஏற்கும். தவறானதை வாங்கினால், அழகாகப் பொருந்தி உட்காரும். கணினிதான் அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் கையேட்டை முதலில் படியுங்கள் என்கிறேன்.

எது வேகமோ அதையே வாங்கு என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டாவது சேமிப்பகத்தில் நீங்கள் வைக்கப்போவது படங்கள், காணொளிகள், பாடக் குறிப்புகள், பழைய இடுபணிகள். ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறப்பதில் 550க்கும் 7,000க்கும் இடையிலான வித்தியாசத்தை உங்கள் கண் உணராது. அந்தப் பணத்தில் கூடுதல் கொள்ளளவு வாங்குங்கள்.

உங்கள் மடிக்கணினியில் முதலாவதாக இருப்பதே சுழலும் வன்தட்டு என்றால் மட்டும் கதை வேறு. அப்போது புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை ஏற்றி, பழைய வன்தட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். சுழலும் தட்டில் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேட வேண்டியிருக்கிறது, எஸ்.எஸ்.டி.க்கு அந்த ஓட்டம் இல்லை. கணினி தொடங்கும் நேரத்தில் தெரியும் மாற்றத்தைப் பார்த்தால், புதியது கேட்டவர் அந்தப் பேச்சையே மறந்துவிடுவார்.

வாங்கும் இடத்திலும் கண் திறந்திருக்கட்டும். இணையச் சந்தைகளில் ‘16 டெராபைட்’ என்று எழுதி, ஒரு சாப்பாட்டு விலைக்கு விற்கிறார்கள். உள்ளே இருப்பது சிறிய நினைவக அட்டை. பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். ஆரம்பத்தில் எல்லாம் பதிவாவது போலவே தெரியும். உண்மையான இடம் தீர்ந்ததும், புதிய கோப்புகள் ஒன்று காணாமல் போகும், அல்லது பழையவற்றின் மீதே எழுதப்படும். இதில் போவது பணம் மட்டுமல்ல. ஓராண்டுப் பாடக் குறிப்புகளும் சேர்ந்து போகும்.

பொருத்தும் வேலையை ஒரு படிவம் 4 மாணவர் செய்ய முடியுமா? முடியும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். பள்ளியோ அரசுத் திட்டமோ கொடுத்த கருவி என்றால் கை வைக்கவே கூடாது. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், திறப்பதற்கு முன் அதன் விதிகளைப் படியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். விண்டோஸ் 11இல் ‘பிட்லாக்கர்’ பூட்டு உங்களுக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்த பிறகே மற்ற வேலை.

கணினியை முழுமையாக அணைத்து, மின்னூட்டியைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்தவுடன் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். மூடியின் பிளாஸ்டிக் கொக்கிகளை விடுவிக்கக் கத்தி வேண்டாம். காலாவதியான டச் அண்ட் கோ அட்டை போதும். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று தாளில் படம் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். குறுகிய துளையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் உள்ளிருக்கும் பாகத்தைத் துளைத்துவிடும். குளிர்சாதன அறையில் காற்று வறண்டிருக்கும். உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை ஓர் உலோகப் பொருளைத் தொட்டு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். எஸ்.எஸ்.டி.யைச் சற்றுச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி, முனையில் ஒரு குட்டி ஸ்க்ரூவால் பிடிக்க வைக்க வேண்டும். அந்தக் குட்டி ஸ்க்ரூ பல மடிக்கணினிகளில் இருக்காது. கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பினால் இன்னொரு பயணம்தான்.

தைரியம் வரவில்லை என்றால் கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற இடங்களிலோ, உங்கள் ஊர்க் கணினிக் கடையிலோ செய்து தருவார்கள். ஆனால் கொடுத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விடாதீர்கள். அனுமதி கேட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். விசிறி எங்கே, பேட்டரி எங்கே, ரேம் எங்கே என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, அடுத்த முறை “போர்டு போச்சு, மாத்தணும்” என்று யாராவது சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கத் தெரியும்.

பொருத்தி முடித்துக் கணினியைத் திறந்தால் புதிய டிரைவைக் காணோம் என்று பதற வேண்டாம். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அதைத் தொடங்கி வைத்து, வடிவமைத்து, ஓர் எழுத்தைக் கொடுத்த பிறகே அது தென்படும். அங்கே காலியாகத் தெரியும் புதியதைத்தான் தேர்வு செய்கிறீர்களா என்று இருமுறை பாருங்கள். 512 என்று வாங்கியது 476 என்று தெரிந்தாலும் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது.

ஓர் எச்சரிக்கை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது டிரைவ், காப்புநகல் ஆகாது. பை மழையில் நனைந்தால், கணினி திருடு போனால், இரண்டும் ஒன்றாகவே போகும். 1998இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழிந்துகொண்டே போயின. நிறுவனத்தின் காப்புநகல்களும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த ஒரு நகலே படத்தைக் காப்பாற்றியது. உங்கள் எஸ்.பி.எம். செயல்திட்டக் கோப்புக்கும் அப்படி வேறு கூரையின் கீழ் ஒரு நகல் வேண்டும். இலவச மேகச் சேமிப்பின் 15 கிகாபைட் அதற்குத் தாராளம்.

மேகம்தான் இருக்கிறதே, வெளிப்புற டிரைவும் இருக்கிறதே, எதற்கு இந்தத் திருப்புளி வேலை என்று கேட்பவர்கள் உண்டு. முக்கியமான சில கோப்புகளுக்கு மேகம் சரி. ஆனால் நூற்றுக்கணக்கான கிகாபைட் காணொளிகளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். இணையம் தொய்ந்தால் காத்திருக்க வேண்டும். வெளிப்புற டிரைவ் பள்ளிப்பையின் அடியில் கிடந்து அடிபடும். கையேட்டைப் பார்த்த பிறகு உங்கள் மடிக்கணினியில் நான்காவது நிலைமைதான் என்று தெரிந்தால், வெளிப்புற டிரைவே உங்களுக்குச் சரியான வழி. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

அந்த நான்காவது நிலைமைதான் பெருகிவருகிறது என்பதே என் கவலை. மெல்லியதாகவும் எடை குறைவாகவும் ஆக்குவதற்காகச் சேமிப்புச் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிளின் மேக்புக் ஏர் அதற்குத் தெரிந்த உதாரணம். இன்னொரு ஸ்லாட் வைத்தால் பேட்டரிக்கான இடம் குறையும் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுப்பது, மூன்று ஆண்டு கழித்து இடம் தீர்ந்துபோகும் குடும்பம். தூக்கிப் போடும் கணினியும் காற்றில் கரைந்துவிடாது. நம் நாட்டுச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் அட்டவணையிடப்பட்ட கழிவாகவே இருக்கிறது.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதும் அல்ல. பெட்டாலிங் ஜெயாவில் வன்தட்டு தயாரித்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், அந்த ஆலையை மூடுவதாக 2018இல் அறிவித்தபோது, பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்கப்போவதாகவும் சொன்னது. சேமிப்பகத்தைத் தயாரிக்கும் நாட்டின் கடைகளில், மடிக்கணினிப் பெட்டியின் மேல் திரை அளவையும் நிறத்தையும் பெரிதாக எழுதுகிறார்கள். உள்ளே காலி ஸ்லாட் இருக்கிறதா என்ற ஒரு வரியை மட்டும் காணோம். அதை எழுத வைக்க வேண்டியவர்கள் வாங்குபவர்கள்தான். அடுத்த முறை உங்கள் அக்காவோ தம்பியோ மடிக்கணினி வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “அண்ணே, இதுல ரெண்டாவது எஸ்.எஸ்.டி. போட ஸ்லாட் இருக்கா? எந்த வகை?”