படத்துக் குடிசையும் பட்ட பாடும்



அயர்லாந்துக் கிராமத்து வீடு என்று ஒரு படத்தை அச்சடித்து விற்கிறார்கள். வெள்ளையடித்த சுவர், வைக்கோல் கூரை, பாதிக் கதவு. “அடடா, என்ன எளிமை! என்ன நிம்மதி!” என்று சுற்றுலா போகும் சீமான்கள் உருகுகிறார்கள். அந்தக் கூரையின் கீழ் கிடந்தவன் யார் என்று இவர்கள் கேட்டதுண்டா?

1841 ஜனத்தொகைக் கணக்கு அந்நாட்டு வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. கடைசித் தரம் ஒற்றை அறை மண்குடிசை. அப்படிப்பட்டவை 4,90,000க்கு மேல்! சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் எரியும் அடுப்பைச் சுற்றிக் குடும்பமே படுத்துறங்கியது. பன்றியும் அதே கூரையின் கீழ்தான். ஏன்? அந்தப் பன்றியை விற்றுத்தான் நிலப்பிரபுவுக்குக் குத்தகை கட்ட வேண்டும்! விளைந்த தானியமும் குத்தகைக்கே போயிற்று. உழைத்தவன் வயிற்றுக்கு உருளைக்கிழங்குதான்.

“சோம்பேறிகள், வீட்டைச் செப்பனிடுவதுதானே!” என்றனர் கனவான்கள். செப்பனிட்டால் குத்தகை உயரும். வெளியேற்றினால் கட்டிய சுவரும் நிலப்பிரபுவுக்கே! எவன் கட்டுவான்?

1845ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். 1847ல் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் போட்டது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை. கஞ்சி வேண்டுமா? நிலத்தை விடு! நிலப்பிரபுவின் ஆட்கள் கூரையைப் பிடுங்கினர், சுவரை இடித்தனர். 1851 கணக்கில் அந்த மண்குடிசைகள் சுமார் 1,36,000தான். ஏழைகள் மாளிகைக்கா குடிபோனார்கள்? ஒரு பகுதி கப்பலேறியது. ஒரு பகுதி குழிக்குள் போயிற்று!

1850ல் மேயோ மாவட்டத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்றின் நான்கு வயதுச் சிறுவன் மைக்கேல் டேவிட். பிழைக்கப் போன இங்கிலாந்தில், 11 வயதில், பஞ்சாலை இயந்திரம் அவன் வலது கையைப் பறித்தது. வீட்டைப் பறித்தவன் நிலப்பிரபு. கையைப் பறித்தது முதலாளியின் லாப வேட்டை! அந்த டேவிட்தான் வளர்ந்து, 1879ல் குத்தகை விவசாயிகளின் நிலச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1880ல், விவசாயிகளை வெளியேற்ற முனைந்த பாய்காட் என்ற ஏஜெண்டின் வயலில் இறங்க ஆளில்லை. அவனுக்குப் பண்டம் விற்கக் கடையில்லை. பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் அவன் பெயரே நிலைத்துவிட்டது!

1883ல் விவசாயக் கூலிகளுக்கு வீடு கட்டித்தரும் சட்டம் வந்தது. 1914க்குள் 40,000க்கு மேற்பட்ட வீடுகள், தோட்ட நிலத்தோடு எழுந்தன. கருணையா? இல்லை, ஒன்றுபட்ட ஜனங்களின் பலம்!

குடிசையின் அழகைப் பாடுகிறவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மனை யாருடையது?