தேறியும் வெளியே
பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் அணிவகுப்புப் படம் நாளிதழில் வரும்போதெல்லாம், அதில் இடம்பெறாத பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். எழுத்துத் தேர்வு தாண்டி, பெங்களூருவிலோ போபாலிலோ எஸ்.எஸ்.பி. எனும் ராணுவத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணலில், மார்பில் எண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு ஏறி, குழுவில் வாதாடி, கடைசி நாளில் அந்த எண் வாசிக்கப்படுமா என்று காத்து நிற்பார்கள். முதல் நாளே, மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதும் சோதனையோடு பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவதுண்டு. அவர்கள் பாடு தேவலை என்பேன். பரிந்துரை பெற்று, மருத்துவப் பரிசோதனையிலும் தேறியவர்கள் பாடுதான் திண்டாட்டம். தகுதிப் பட்டியல் வரும்வரை வேறு வேலையில் சேர்வதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் பேச்சு. காலியிடம் குறைவென்று பட்டியலில் பெயர் விடுபட்டால், மறுபடி தேர்வெழுதி, அதே மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை தேறியவரின் மதிப்பெண்ணை அடுத்த பட்டியலுக்கும் எடுத்துக்கொண்டால் ராணுவத்துக்கு என்ன நஷ்டம்?