ரெவாக்ஸ் மோகம்

ஸ்பூல் டேப் யந்திரம் ஒன்று வாங்கலாம் என்று வாய் திறந்தால் போதும், "வாங்கினால் ரெவாக்ஸ் வாங்கு, மற்றதெல்லாம் பொம்மை!" என்று உபதேசிக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிடப் பொல்லாத உபதேசம் கிடையாது என்பேன்.

ரெவாக்ஸ் ஏ77 மட்டமானதா? யார் சொன்னது? 1967-ல் வெளிவந்த அருமையான ஸ்விஸ் வேலைப்பாடு அது. மூன்று மோட்டார், பத்தரை அங்குலச் சக்கரம். ஆனால் ஐயா, அதற்கும் வயதாகிவிட்டது! உள்ளே கிழடு தட்டிய கண்டென்ஸர்களை மாற்றாமல் அதை நம்ப முடியாது. வாங்கிய செலவோடு வைத்தியச் செலவும் சேரும்.

நம் வீட்டு அலமாரியில் இருப்பதோ, அறுபதுகளில் சித்தப்பா சபாவிலும் கல்யாணப் பந்தலிலும் பிடித்து வைத்த ஏழு அங்குலச் சுருள்கள். அவற்றைக் கேட்க ஒற்றை மோட்டார் அகாய் 4000டிஎஸ்ஸோ, ஸோனி டிசி-377-ஓ தாராளமாகப் போதும். பெயரைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகி மினுமினுக்கிறதா? பெல்ட் தாராய் உருகிவிட்டதா? ஹெட்டின் மேல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா? அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "போன மாதம்கூட ஓடியதே!" என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த யந்திரமானால் இன்னொரு சங்கடம். "டிரான்ஸ்பார்மர் வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். அது வோல்ட்டைக் குறைக்கும். சைக்கிளை என்ன செய்யும்? அங்கே 60, இங்கே 50. ஒற்றை மோட்டார் யந்திரம் ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டையில் முனகுவாள்! சில யந்திரங்களில் இதை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். இந்த ஒரு வழக்கில் மட்டும் ரெவாக்ஸ் கட்சிக்கே ஜெயம்: அதன் வேகத்தை மின்னணுச் சுற்று ஆள்கிறது, சைக்கிள் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை.

யந்திரம் வீடு வந்ததும் சித்தப்பாவின் சுருளை மாட்டிவிடாதீர்கள். அதற்கு வேறு பிரதி கிடையாது. பிரேக் சரியில்லாத சக்கரம் ஒரே இழுப்பில் அதை அறுத்துவிடும். முதல் வாரம் முழுவதும் போனால் போகட்டும் என்கிற டேப் ஏதாவது ஓடட்டும்.