மலையேறும் முன் மழையைக் கேளுங்கள்

"கேமரன் மலையில் பனி உறையுமா?"

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள்முதல் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் கம்போங் ராஜாவில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். உறையாது என்பதே என் பதில். குளிர்நாடுகளில் அக்டோபர் மாதம் மலையேறுவோர், பாறையில் பனிக்கட்டி படிந்துவிட்டதா என்று விசாரித்த பிறகே புறப்படுவர். நம் மலையில் அப்படி விசாரிக்க வேண்டியது மழையை. அதை நாம் விசாரிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் நண்பர்கள் எழுவர் ஈராவ் மலை ஏற எங்கள் வீட்டுக்கு வந்தனர். 2,110 மீட்டர் உயரம். வனத்துறை அனுமதி கையில் இருந்தது. வழிகாட்டிக்குப் பணமும் கட்டியாயிற்று. காலை வானம் தெளிவாக இருந்தது. ஆனால், அதற்கு முன் மூன்று இரவுகள் விடாத மழை. தேயிலைத் தோட்டத்திலேயே காலம் கழித்த என் அப்பா, ஓடையைப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி தே தாரிக் மாதிரி போவுது. இன்னிக்கு வேணாம்யா" என்றார்.

நாங்கள் போகவில்லை. அன்று எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. "ஒண்ணும் ஆகலியே மச்சான், காசுதான் வீண்" என்று இன்றும் ஒரு நண்பன் குறைப்படுகிறான். ஒன்றும் ஆகாததால் அந்த முடிவு தவறாகிவிடுமா?

அப்பா சொன்னதில் காரணம் உண்டு. ஓடை கலங்கினால் மேலே எங்கோ மண் கரைகிறது என்று பொருள். சரிவில் புதிதாக நீர் கசிவதும், மண்ணில் வெடிப்பு விழுவதும், மரங்கள் சாய்வதும் நிலச்சரிவின் அறிகுறிகள். மழை விட்ட பிறகும் மண் நீரைச் சுமந்துகொண்டே இருக்கும். பருவக்காற்று மாறும் அக்டோபரில் காலை வெயிலும் மாலை இடிமழையும் வழக்கம் என்று இடைநிலைப்பள்ளிப் புவியியலில் படித்தோம், தேர்வோடு மறந்தோம். நனைந்த பருத்திச் சட்டையோடு பாசிக்காட்டுச் சேற்றில் இருட்டும்வரை சிக்கினால், பனி இல்லாமலேயே உடல் விறைத்துப்போகும்.

2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயல், இரண்டே நாளில் நேப்பாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. அக்டோபர் அங்கே மலையேற்றத்திற்கு உகந்த மாதம் என்பதால் பலர் மலைமேல் இருந்தனர். 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாதத்தை நம்பினால் போதாது. அந்த வாரத்தையும் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கே வருவோம். 2024 ஜனவரி 26 அதிகாலை, கம்போங் ராஜா புளூவேலி பகுதியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர் ஐவர் இறந்தனர். அவர்கள் மலையேற வந்தவர்கள் அல்லர். பிழைப்புக்காக அங்கே தங்கி, உறங்கிக்கொண்டிருந்தவர்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. அதை வீணாக்கலாமா?

எனவே, மலைப்பயணம் ஏற்பாடு செய்யும் மாணவர் இயக்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. கடந்த மூன்று நாள் மழையைக் கேளுங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். அவ்வூர்த் தோட்ட மக்களிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். உச்சியை அடையாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழேயே முடிவு செய்யுங்கள். பயணம் நின்றால் பணத்தைத் திருப்பித் தரவோ வேறு நாளுக்கு மாற்றவோ முன்கூட்டியே பேசிவையுங்கள். கட்டிய பணம்தான் பல வேளைகளில் நம்மை மேலே தள்ளுகிறது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதைத் தமிழ்ப்பள்ளியிலேயே கற்றவர்கள் நாம். ஈராவ் மலை அடுத்த விடுமுறையிலும் அங்கேயேதான் இருக்கும். நண்பர்களே, வாருங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டு ஏறுவோம்.