ஆஸ்பத்திரி வாசனை

இரண்டு பூனை வளர்க்கும் வீட்டில் ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோய்த் திரும்பினால், பல சமயம் அன்று சாயங்காலமே ஒரு புலம்பல் எழும். "ஒரே தட்டில் தின்னுதுங்க, இன்னிக்கு என்ன இப்படிக் குதறிக்குதுங்க?" கூடவே தீர்ப்பும் வந்துவிடும். பொறாமை என்பார் ஒருவர். நன்றி கெட்ட ஜென்மம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், ஒன்றைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடச் சொல்வார். அந்த மூன்றாவது யோசனைதான் இதை எழுத வைக்கிறது.

இது பொறாமையும் இல்லை, பகையும் இல்லை. வெறும் வாசனைக் குழப்பம். நாம் முகத்தைப் பார்த்து ஆளை அறிகிறோம். பூனை அதிகம் நம்புவது மூக்கை. அதன் கன்னம், நெற்றி, மோவாய், வால் அடி, பாதம் எல்லாவற்றிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையிலும் நம் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்கு மட்டும் அல்ல. தன் வாசனையை அங்கே பூசுகிறது. ஒன்றாக வளரும் பூனைகள் ஒன்றையொன்று உரசியும் நக்கியும் தங்களுக்கென்று ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் ரேஷன் கார்டு மாதிரி. அது இருந்தால் வீட்டு ஆள், இல்லாவிட்டால் அந்நியன்.

ஆஸ்பத்திரிக்குப் போன பூனைமேல் ஸ்பிரிட், மருந்து, முன்பின் தெரியாத நாய்கள், பயத்தில் சுரந்த தன் சொந்த வாசனை எல்லாம் ஏறிவிடுகின்றன. மயக்க மருந்தில் நடையும் தள்ளாடுகிறது. வீட்டில் இருந்த பூனையின் கணக்கில், தெரிந்த உருவத்தில் தெரியாத யாரோ வந்து நிற்கிறார்கள். அது சீறாமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் இருப்பவை தாயும் மகனும். தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, அவளை நேராகப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். ஆறு வருஷம் அவளை ஒட்டியே படுத்தவன், கதவிடுக்கில் மூக்கை வைத்ததும் முதுகு மயிர் சிலிர்க்கச் சீறினான். அடுத்த வீட்டு நண்பர், "ஒண்ணை யாருக்காவது குடுத்துடுங்க சார், இனிமே சேராது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து மகனை அனுப்புவதா, தையல் காயாத தாயை அனுப்புவதா?

அனுப்ப வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். தாய் தன்னை நக்கிச் சுத்தம் செய்யச் செய்ய ஆஸ்பத்திரி வாசனை குறையும். அவளுக்குத் தனித் தண்ணீர், தனிச் சாப்பாடு, தனி மண் தட்டு. அவள் படுத்த துணியை அவனிடமும், அவன் படுத்ததை அவளிடமும் மாற்றிப் போட்டாள் என் மனைவி. இருவருக்கும் மூடிய கதவின் இரு பக்கமும் மீன் சோறு. அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்லதும் வருகிறது என்று மூக்குக்குப் புரிய வேண்டும். சீறல் நின்ற பிறகு கதவை ஒரு விரற்கடை திறந்தோம். மறுபடி சீறினால் மறுபடி சாத்தினோம். ஒன்பதாம் நாள் அவன் உள்ளே போய் அவள் காதை நக்கினான். சில வீடுகளில் ஒரே நாளில் சரியாகிவிடும், சில வீடுகளில் வாரக்கணக்கில் ஆகலாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. சண்டையில் கையை நுழைக்காதீர்கள். நடுவில் ஒரு முறத்தையோ தலையணையையோ நீட்டுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கடிக்கும் வேண்டியதுதான், அங்கே இலவசம். அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள், பயம்தான் கூடும். வாசனை போகட்டும் என்று ஃபினாயில் விட்டுத் தரையைத் துடைக்காதீர்கள். அதிலுள்ள பொருள்கள் பூனைக்கு விஷம். வலிக்குமே என்று பாரசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும்.

டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சீட்டில் மருந்து எத்தனை வேளை என்று எழுதுகிறீர்கள். "வீட்டில் வேறு பூனை இருந்தால் சில நாள் தனி அறை" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனையோ பூனைகள் தெருவுக்குப் போகின்றன. ஆபரேஷன் செய்து காப்பாற்றிய பூனையை, அதே வாரம் மீன் மார்க்கெட்டில் விட்டால் என்ன பலன்? வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நம் வயதில் பொழுதுக்குப் பஞ்சமில்லை. இந்த வைத்தியத்துக்கு வேண்டியது ஒரு கதவும் சில நாள் பொறுமையும்தான். இரண்டும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. சாக்கை எடுத்து உள்ளே வையுங்கள்.