யார் பார்த்தது?

எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர் சேர்ந்து மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றைச் சிறு நூலாக எழுதிவருகிறோம். ஆளுக்கு ஓர் அத்தியாயம். அச்சுக்குப் போகுமுன் மூலநூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

பிள்ளையைப் பற்றி யார் எழுதினாலும், அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சரித்திரத்துக்குப் போயே ஆகவேண்டும். ஆகவே ஐயரின் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிள்ளை பிறந்தது 1815, திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக இருந்தார், அவர் பாடப்பாட மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். இவை ஐயரின் புத்தகத்தோடு எங்கள் அத்தியாயங்களில் ஒத்துப்போவதில் குற்றமில்லை. தகவல் யாருக்கும் சொந்தமில்லை. என்னை நிறுத்தியது வேறு. ஐயர் சொன்ன நிகழ்ச்சிகள் அதே வரிசையில் வருகின்றன; அவர் பத்தியை முடித்த இடத்திலேயே எங்கள் வட்டத்தினரும் முடிக்கிறார்கள். வடசொல் மட்டும் தமிழாகியிருக்கிறது, நீண்ட வாக்கியம் இரண்டாக உடைந்திருக்கிறது. சந்தியைப் பிரித்துச் சொற்களை முன்பின்னாக மாற்றினால் ஒப்பிடும் மென்பொருள் ஏமாந்துவிடும். காது ஏமாறாது. இன்றைய நடைக்கு நடுவே திடீரென்று 1930களின் மூச்சு கேட்கிறது.

அதிகம் உறுத்தியது கடைசி அத்தியாயம். 1876 பிப்ரவரியில் பிள்ளை உயிர் விடும் காட்சி, அருகே திருவாசகம் ஓதப்படுகிறது. உருக்கமாக இருந்தது. ஆனால் அந்த உருக்கம் யாருடையது? அன்று அங்கிருந்த ஐயருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. ஆசிரியரின் வரலாற்றை நூலாக்கும்போது எழுபத்தெட்டைத் தாண்டியிருந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் மனதில் சுமந்த துயரம் அது. எங்கள் பக்கத்தில் அந்த மாணவரே இல்லை. அவர் கண்ட காட்சி மட்டும், யாருமே காணாதது போல, எங்கள் குரலில் நின்றது.

அந்த அத்தியாயத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொலைபேசியில் சொன்னேன்.

"ஐயர் காலமானது 1942ல. அறுபது வருஷம் கழிஞ்சு 2002 கடைசியிலயே பதிப்புரிமை முடிஞ்சுபோச்சே சார். அப்புறம் என்ன?"

"சட்டப்படி தப்பில்லைங்க ஐயா. ஆனா படிக்கிறவங்க இதை யார் பார்த்ததுன்னு கேட்டா நம்மகிட்ட பதில் இல்லையே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புத்தகத்தை மூடி வச்சுட்டு எழுதிப் பாக்கறேன்" என்றார்.

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். மூலத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல் மாற்றினால் கை எழுதும், மனம் எழுதாது. இரண்டு முறை படித்து, மூடிவைத்து, நினைவில் நிற்பதை நம் வரிசையில் எழுதிவிட்டு, பெயரையும் ஆண்டையும் சரிபார்க்க மட்டும் மறுபடி திறக்கவேண்டும். ஐயரின் வார்த்தையே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வைத்து அவர் பெயரைச் சொல்லிவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

அவருடைய நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கி வந்தது. முதல் வரியிலேயே, ஆசிரியர் அருகில் இருபது வயது மாணவர் ஒருவர் இருக்கிறார்.

அடுத்தது வேதநாயகம் பிள்ளை மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய குளத்தூர்க் கோவை பற்றிய அத்தியாயம். அதிலும் ஐயர் சொன்னதுதான் இருக்கிறது. கோவையை நாங்களே படித்துவிட்டு எழுதலாம் என்று நிறுத்திவைத்திருக்கிறோம்.